பாதி பெஞ்சும் ஒரு வளையமும்

தோட்டத்துக்கென்று அந்த வீட்டுக்குள் முதலில் வந்தது ஒரு மரப் பெஞ்சு. அடுத்து வந்தது ரம்பம். புத்தம் புதுப் பெஞ்சைக் கொல்லையில் கிடத்தி, அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, ஐந்தில் மூன்று பங்கு இருக்கும்படி அறுத்து, மிச்ச இரண்டு பங்கை விறகோடு போட்டார் அச்சு. இரண்டு கால் போய்விட்டதால் பெஞ்சு நிற்க மாட்டேன் என்றது. மதில் சுவரில் இரும்புப் பட்டை அடித்து அதை நிற்க வைத்தார்.

அவர் மனைவி தங்கச்சியம்மாள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் விளக்கம் வரும் என்பது முப்பத்தோரு வருஷ அனுபவம். கேட்காமலே விளக்கம் வந்தது. படத்தில் பெஞ்சு அவ்வளவுதான் தெரிகிறது, மீதி தாளுக்கு வெளியே போய்விட்டது, தாளுக்கு வெளியே இருப்பதை நாமாக இட்டுக்கட்டுவது முறையல்ல என்றார்.

அச்சு என்பது பெற்றோர் வைத்த பெயர் இல்லை. கட்டடங்களுக்கும் நீர்த்தொட்டிகளுக்கும் வரைபடம் போடுகிற அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் நகல் எடுக்கும் மேஜையில் உட்கார்ந்திருந்தவர். மேலே மெல்லிய தாள், கீழே மூல வரைபடம், கையில் மைப் பேனா. மூலத்தில் இருப்பது நகலில் இருக்க வேண்டும், இல்லாதது இருக்கக் கூடாது. அந்தக் கோடு எதற்கு, இந்தக் கோடு எதற்கு என்று கேட்பது அவருடைய வேலை இல்லை. ஒரு தடவை ஒரு நீர்த்தொட்டியின் வரைபடத்தில் யாரோ கொசு அடித்துவிட்டார்கள். அச்சு அந்தக் கொசுவையும் காலுக்குக் கால் நகலெடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி அதைப் பார்த்துத் தொட்டியும் கட்டிவிட்டார். நடுவில் ஒரு சின்ன அறை, அதிலிருந்து ஆறு பக்கமும் வளைந்து வளைந்து ஆறு வாய்க்கால். இன்றைக்கும் அந்த வட்டாரத்தில் தண்ணீர் தடையில்லாமல் வருவது அந்தத் தொட்டியிலிருந்துதான். பிறகு வந்த இன்ஜினியர்கள் பலர் அதைப் போய்ப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு போனார்கள்.

தங்கச்சியம்மாளின் பெயருக்குக் காரணம் அவளுடைய அண்ணன். தெருமுனையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவர், தங்கச்சி, தங்கச்சி என்று கடை வாசலிலிருந்தே குரல் கொடுப்பார். கேட்டுக் கேட்டுத் தெருவே அவளைத் தங்கச்சியாக்கிவிட்டது. அவளைவிட இளையவர்கள் மரியாதைக்கு ஓர் அம்மாளைச் சேர்த்துக்கொண்டார்கள்.

வினை அந்த அண்ணனால்தான் வந்தது. அச்சு ஓய்வு பெற்ற நாலாவது மாதம் ஒரு மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர், கை கழுவும்போது போகிறபோக்கில் சொன்னார்:

"மாப்பிள்ளை, நீங்க தங்கமான மனுஷன். இல்லேன்னு சொல்லல. ஆனா பொறந்ததிலிருந்து சொந்தமா ஒரு கோடு போட்டிருக்கீங்களா?"

அச்சு இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை. தட்டில் இருந்த சோற்றை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கினார். மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தார். பிறகு எழுந்துவிட்டார். அடுத்த மூன்று நாள் அந்த வீட்டில் அவர் பேசியது மொத்தம் பதினொரு வார்த்தை. அதில் ஏழு, தண்ணீர் கேட்டது.

நாலாம் நாள் நேரே ஸ்டூடியோவுக்குப் போய், அடுத்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரும்படி மச்சானை அழைத்தார். வீட்டுக் கொல்லையில் சொந்தமாக ஒரு தோட்டம் போடப்போவதாகவும், அதை வந்து பார்த்துவிட்டு அப்புறம் பேசும்படியும் சொன்னார். ஸ்டூடியோக்காரரும் சளைத்தவர் இல்லை. தோட்டம் உண்மையிலேயே சொந்த யோசனையாக இருந்தால் அதைப் படம் பிடித்து, பெரிதாக்கி, மாப்பிள்ளை பேரோடு கடைக் கண்ணாடியில் மாட்டுவதாக வாக்குக் கொடுத்தார். லேசான வாக்கு இல்லை. அந்தக் கண்ணாடிக்குள் இருபத்தைந்து வருஷமாக ஒரே படம்தான் இருந்தது. உடம்பில் துணி இல்லாமல் குப்புறப் படுத்துச் சிரிக்கும் ஒரு கொழுகொழு குழந்தை. அந்தக் குழந்தை இப்போது போலீஸ் வேலையில் இருந்தது. மாதம் ஒரு முறை சீருடையோடு வந்து, தயவுசெய்து எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சிவிட்டுப் போகும்.

தங்கச்சியம்மாளுக்கு உள்ளூர நிம்மதி. காரணம் இருந்தது. ஓய்வு பெற்ற மறுநாளே மனிதர் சமையலறைக்குள் நுழைந்து, அலமாரித் தட்டில் ஒவ்வொரு பாத்திரத்தையும் வைத்துச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுவிட்டார். எடுத்த பாத்திரம் அந்தக் கோட்டுக்குள்தான் திரும்பப் போக வேண்டும். கரண்டியின் காம்பு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதற்கு ஓர் அம்புக்குறி. இப்படி நாலு மாதம் போனது. அப்படிப்பட்டவர் வெயிலில் நின்று மண்ணைக் கொத்துகிறார் என்றால், மண்வெட்டி இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

ஒரே நஷ்டம், துணி காயப்போடும் கொடி. கொல்லையின் குறுக்கே இருபது வருஷமாகத் தொங்கிய கொடியை அவர் அவிழ்த்து மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். படத்தில் கொடி இல்லை. ஈரத் துணி வாளியோடு பத்தொன்பது படி ஏற வேண்டும். முழங்கால் ஒவ்வொரு படிக்கும் ஒரு கருத்துச் சொல்லும்.

படம் என்பது, பழைய பேப்பர் கடையிலிருந்து அலமாரியில் விரிக்க அவள் வாங்கி வந்த வீட்டு அலங்கார மாத இதழின் நடுப்பக்கத்தில் இருந்தது. 'உங்கள் வீட்டிலும் ஓர் ஆசியத் தோட்டம்' என்று மேலே கொட்டை எழுத்து. வெள்ளைச் சரளைக்கல் பரப்பு, அதில் அலை அலையாக வாரிய கோடுகள், மூன்று பாறை, ஒரு கல்விளக்கு, ஓரத்தில் மூங்கில், தாளின் விளிம்பில் வெட்டுப்பட்ட ஒரு பெஞ்சு, ஒரு தொட்டி, தொட்டிக்கு மேலே தண்ணீர் நிறைந்ததும் கவிழ்ந்து டொக்கென்று தட்டும் ஒரு மூங்கில் குழாய். அச்சு அந்தத் தாளைப் பிரித்தெடுத்து, பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, கட்டம் கட்டி, விகிதம் போட்டார். படத்தில் ஓர் அங்குலம், தரையில் இரண்டடி.

"அப்போ இது அவங்க தோட்டம்தானே?" என்று ஒருநாள் அவள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தாள்.

"படம் அவங்களோடது. விகிதம் என்னோடது" என்றார். அதில் அவருக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அவளுக்கு இருந்தது. அண்ணன் கண்ணில் இந்தப் படம் பட்டுவிட்டால், மறுபடி பதினொரு வார்த்தை வாழ்க்கைதான். இந்தத் தடவை மூன்று நாளோடு போகாது.

வேலை என்றால் அப்படி ஒரு வேலை. பாறைகளை உருட்டி வந்தவர்கள் ஒவ்வொரு பாறையையும் பதினாலு தடவை நகர்த்தினார்கள். கடைசியில் பாறைக்கே வழி தெரிந்துவிட்டது, ஆள் தொடும் முன்னால் தானாக நகர்ந்தது என்று அவர்கள் வெளியே போய்ச் சொன்னார்கள். படத்தில் மூங்கில் குழாய் பாதிச் சாய்ந்திருந்த நேரத்தில் யாரோ கேமராவை அமுக்கியிருந்தார்கள். அச்சு பாகைமானி வைத்து அளந்தார். இருபத்தேழு டிகிரி. குழாயை இருபத்தேழு டிகிரியில் நிறுத்தி இரண்டு ஆணி அடித்தார். அது நிறையவும் இல்லை, கவிழவும் இல்லை, ஆயுளுக்கும் டொக்கென்று சொல்லவும் இல்லை.

நிழல்தான் தகராறு செய்தது. படத்தில் கல்விளக்கின் நிழல் இடப்பக்கம் ஒன்றே கால் அங்குலம். இங்கே காலையில் வலப்பக்கம் விழுந்தது, மதியம் காலடியில் சுருண்டது. மூன்று நாள் அளந்து பார்த்து, சாயங்காலம் நாலு பத்திலிருந்து நாலு நாற்பது வரை மட்டும் நிழல் ஒழுங்காக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். அந்த அரைமணி நேரம்தான் தோட்டம், மற்ற நேரம் அது வெறும் கொல்லை என்று அறிவித்து, அப்போது யாரும் அதைப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

கடைசியாக வளையம். சரளைப் பரப்பின் நடுவில் பழுப்பு நிறக் கூழாங்கல்லால் ஐந்தடி அகலத்தில் ஒரு வட்டம். முழு வட்டம் இல்லை. ஒரு பக்கம் ஒரு சாண் விட்டுப்போயிருந்தது. வட்டத்துக்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, தனியாக ஒரே ஒரு பழுப்புக் கல். அந்தப் பழுப்பு கிடைக்க வேண்டுமென்று மூன்று மூட்டைக் கல்லைக் கொட்டி, தாளோடு வைத்து வைத்துப் பார்த்துப் பொறுக்கினார்.

தங்கச்சியம்மாள் அதை முதலில் பார்த்தது மொட்டை மாடியிலிருந்து. பத்தொன்பது படி ஏறி, மூச்சு வாங்கி, போர்வையை உதறும்போது கீழே பார்த்தாள். தன் கையெழுத்தை வேறு யாருடைய கடிதத்திலோ பார்ப்பதுபோல இருந்தது. அந்த வட்டத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோம். எங்கே? தினமும். சமையலறை மேடையில்.

போர்வையை அப்படியே போட்டுவிட்டு இறங்கினாள். அவர் குளிக்கப் போயிருந்தார். அடிவிளிம்பு நசுங்கிய அவளுடைய எவர்சில்வர் டம்ளரை எடுத்து, உறைக்குள் இருந்த தாளின் மேல், அந்தப் பழுப்பு வட்டத்தின் மேல் வைத்தாள். வட்டமும் விளிம்பும் மயிரிழை பிசகாமல் பொருந்தின. நசுங்கல் இருந்த இடத்தில் வட்டம் விட்டுப்போயிருந்தது. பக்கத்தில் ஒரு சொட்டு. இதழ் வந்த அன்றைக்கு அதை விரித்து வைத்துக்கொண்டு டீ குடித்தது ஞாபகம் வந்தது. பாறை நல்லா இருக்கே என்று குனிந்து பார்த்ததும் ஞாபகம் வந்தது.

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்தாள். சொல்லலாமா? சொன்னால் மனிதர் வளையத்தைப் பெயர்ப்பார். அதோடு விட மாட்டார். நகலில் பிழை வந்துவிட்டதென்று முப்பத்து நாலு வருஷத்தையும் தோண்டிப் பார்ப்பார், அந்தக் கொசுவரைக்கும் போவார். சொல்லாவிட்டால்? வளையம் பாட்டுக்குக் கிடக்கும். டம்ளரைக் கழுவி, அலமாரியில் அதன் பென்சில் கோட்டுக்குள் வைத்தாள். கோட்டில்கூட அந்த நசுங்கலை விடாமல் போட்டிருந்தார்.

அடுத்த வாரமே தெரு திரண்டு வர ஆரம்பித்தது. நாலு பத்துக்குக் கதவு திறக்கும், நாலு நாற்பதுக்கு மூடும். பாறையையும் விளக்கையும் பார்த்துத் தலையாட்டியவர்கள், வளையத்துக்கு முன்னால் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள். எதிர் வீட்டு யோகா டீச்சர் அரைமணி நேரமும் அங்கேயே நின்றார். வட்டம் முழுசாக இல்லாததுதான் அதன் முழுமை என்றார். அந்த இடைவெளி, மனசு வெளியே போகும் வாசல் என்றார். தனியாக ஒரு கல் கிடக்கிறதே, அது வெளியே போய்விட்ட ஒருவர், ஆனால் ரொம்ப தூரம் போகவில்லை, கவனியுங்கள் என்றார். தபால்காரர் அழுதேவிட்டார். அவருடைய மூத்த மகன் தனிக்குடித்தனம் போய் ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தங்கச்சியம்மாள் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். யார் டம்ளரைக் கீழே வைத்தாலும் ஓடிப்போய்த் துடைத்தாள்.

கடைசி ஞாயிறு வந்தது. நாலு ஐந்துக்கே ஸ்டூடியோக்காரர் வந்து நின்றார். கக்கத்தில் சுருட்டிய ஒரு மாத இதழ். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் பெஞ்சில் போட்டிருந்த பழைய இதழ்களை அடுக்கும்போது மாட்டியிருக்கிறது. அட்டையைப் பார்த்ததுமே தங்கச்சியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது, அதே இதழ்.

நாலு பத்துக்கு நிழல் விளக்குக்கு இடப்பக்கம் வந்து நின்றது. ஸ்டூடியோக்காரர் நடுப்பக்கத்தை விரித்து ஒரு கையில் ஏந்திக்கொண்டு, சொத்தை ஜப்தி செய்ய வந்தவர்போல ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மூன்று பாறை, இதோ படத்தில் மூன்று பாறை. கல்விளக்கு, இதோ. மூங்கில், இதோ.

அச்சுவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. "ஆமா மச்சான். பாறைக்கும் பாறைக்கும் நடுவுல அளந்து பாருங்க. ஒரு நூல் வித்தியாசம் இருக்காது. பெஞ்சைப் பாருங்க."

"பெஞ்சைப் பார்த்தேன். அப்போ இதுல உங்க சொந்தம் எது மாப்பிள்ளை?"

அச்சு வாயைத் திறந்தார். விகிதம் என்று சொல்லத்தான் திறந்தார். சொல்வதற்குள், இவ்வளவு நேரம் நடந்தது பாராட்டு இல்லை என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டுப் போனது. அளவுகோலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார், மறுபடி வைத்தார். அந்தக் கையைப் பார்க்கத் தங்கச்சியம்மாளால் முடியவில்லை.

ஸ்டூடியோக்காரர் இரண்டு எட்டு நடந்து வளையத்தருகில் வந்தார். படத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே அஜீரண மருந்து விளம்பரம் இருந்தது.

"இது படத்துல இல்லையே" என்றார். குரல் இறங்கியிருந்தது. இருபத்தைந்து வருஷமாக ஒரே குழந்தையை மாட்டி வைத்திருந்தாலும் அவருக்கு நல்ல படம் எதுவென்று தெரியும். "இதுதான் தோட்டத்துக்கே உயிர். இதை நீங்களா யோசிச்சீங்க?"

ஆமா என்று ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அந்தப் போலீஸ்காரருக்கு விடுதலை. ஆனால் அச்சு நிமிர்ந்து நின்றார்.

"என்ன மச்சான் இப்படிச் சொல்லிட்டீங்க. படத்துல இல்லாததை நான் எதுக்குப் போடப்போறேன்?"

இல்லை என்றார் அவர். இருக்கிறது என்றார் இவர். கொஞ்ச நேரம் அந்தக் கொல்லையில் ஒரு விசித்திரமான சண்டை நடந்தது. மாப்பிள்ளை சொந்தமாக யோசித்தவர்தான் என்று மச்சான் அடித்துச் சொல்ல, சத்தியமாக நான் அப்படியெல்லாம் செய்யவில்லை என்று மாப்பிள்ளை மறுக்க, இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் மூலத்தைக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று அச்சு உள்ளே போனார். அந்தத் தாளை அரிசி டின்னுக்கு அடியில் ஒளித்து வைக்கலாமா என்று காலையில் ஒரு தடவை நினைத்தும் செய்யாமல் விட்டதற்குத் தங்கச்சியம்மாள் இப்போது வருந்தினாள்.

இரண்டு தாளும் பாதி பெஞ்சின் மேல் பக்கத்தில் பக்கத்தில் விரிந்தன. ஒன்றில் வளையம், ஒன்றில் இல்லை. அச்சு பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார். தாளை உறையிலிருந்து எடுத்தார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். பிறகு மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். நிமிர்ந்தபோது அவர் பார்த்தது மச்சானை இல்லை. மனைவியின் கையில் இருந்த தட்டை. அதில், அண்ணன் வந்த பதற்றத்தில், டீயோடு அவள் எடுத்து வந்திருந்தது அந்த டம்ளரைத்தான்.

அவர் தாளை மறுபடி உறைக்குள் செருகினார். பதினொரு வார்த்தையும் இந்தத் தடவை கிடைக்காது என்று தங்கச்சியம்மாளுக்குத் தெரிந்தது. தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"அண்ணா, அந்த வளையம் நான் போட்டது."

"நீயா?"

"நான்தான். அந்த இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. போட்டேன். இவர் அதைப் பிசகாம தரையில எறக்கினார். அவ்வளவு பெரிசா, அந்தக் கலர்ல, எனக்கு எறக்கத் தெரியுமா? உனக்குத் தெரியுமா?"

ஸ்டூடியோக்காரர் தாளை உற்றுப் பார்த்தார். "டீ மாதிரி இருக்கே."

"டீதான். கையில அப்போ அதுதான் இருந்துச்சு."

"சரி, இந்த இடைவெளி?"

"அது உன் வேலை" என்று டீ சிந்தாமல் டம்ளரைத் தூக்கி அடிவிளிம்பைக் காட்டினாள். "எங்க கல்யாணத்தன்னிக்கு, படம் எடுக்கத் திரை கட்டறேன்னு இதை வெச்சு ஆணி அடிச்சியே, மறந்துட்டியா?"

அவர் டம்ளரை வாங்கி நசுங்கலை விரலால் தடவினார். யோகா டீச்சர் சொன்னதெல்லாம் தெருமுனை வரைக்கும் எட்டியிருந்தது. முழுமை, வாசல், மனசு. அதையெல்லாம் தாம் முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஆணியில் செய்து வைத்திருக்கிறோம் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவர் முகத்தில் ஏறியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்த இடத்தில் இடைவெளி வந்தால்தான் நன்றாக இருக்கும் என்று தமக்கு அப்போதே ஓர் எண்ணம் இருந்ததாகச் சொன்னார்.

"இன்னும் முடியல" என்றாள் தங்கச்சியம்மாள். உள்ளே போய்ப் புதுக் கயிறு ஒரு சுருள் எடுத்து வந்து கணவர் கையில் கொடுத்தாள். "ஒரு கோடு பாக்கி இருக்கு. இந்தக் கொல்லைக்குக் குறுக்கே. நீங்க போடுங்க."

"எங்கேர்ந்து எங்கே?"

"உங்க இஷ்டம்."

"எவ்வளவு உயரம்?"

"உங்க இஷ்டம்ங்கறேன்ல."

அச்சு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். படத்தைப் பார்த்தார், அதில் உதவி இல்லை. நாலு நாற்பது ஆகி, நிழல் இடம் மாறி, தோட்டம் வெறும் கொல்லையாகிவிட்டது. அப்போதும் நின்றார். டீ ஆறியது. ஸ்டூடியோக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது தங்கை முறைத்தாள், அவர் வாயை மூடிக்கொண்டார். ஐந்தேகாலுக்கு அச்சு நகர்ந்தார். அளவுகோலை எடுக்கவில்லை. ஒரு முனையை மதில் கம்பியில் கட்டினார், மறுமுனையை இழுத்துக்கொண்டு வளையத்துக்கு மேலாக நடந்து, மூங்கில் பக்கத்துத் தூணில் முடிச்சுப் போட்டார். பின்னால் வந்து பார்த்தார். ஒரு பக்கம் நாலு விரல் சரிந்திருந்தது. சரி செய்யப் போனவர் நின்று, தலையைச் சாய்த்து இன்னொரு தடவை பார்த்தார்.

"இருக்கட்டும்" என்றார்.

தங்கச்சியம்மாள் தோளில் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்து அதில் போட்டாள். முழங்கால் அவளிடம் அன்றைக்கு ஒரு கருத்தும் சொல்லவில்லை.

ஸ்டூடியோக்காரர் சொன்ன சொல் தவறாமல் படம் எடுத்து மாட்டினார். வளையம், பாதி பெஞ்சு, சரிந்த கொடி, மஞ்சள் துண்டு. கீழே மூன்று பெயர்கள். போலீஸ்காரர் சீருடையோடு வந்து, கடை வாசலில் நின்று, படத்துக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குள் சுற்றுவட்டாரத்தில் நாலு வீட்டில் அதே தோட்டம் வந்துவிட்டது. கடையில் மஞ்சள் துண்டு தட்டுப்பாடு. நாலு புதுப் பெஞ்சு அறுபட்டது.

அதில் ஒரு வீட்டுக்காரர் அச்சுவை அழைத்துப் போய்க் காட்டினார். சாயங்காலம் திரும்பி வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே கொல்லைக்குப் போய்த் தன் கொடியையும் துண்டையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னங்க ஆச்சு என்று கேட்டாள் தங்கச்சியம்மாள். கேட்டால் விளக்கம் வரும் என்று தெரிந்துதான் கேட்டாள்.

"அவங்க வீட்ல கொடி மூணு விரல்தான் சரிஞ்சிருக்கு" என்றார். "மூலத்துல நாலு."